மேசையிலிருந்து

ஆடிக் காற்றுக்கு அணி கிடையாது.
பாலக்காட்டுக் கணவாய் தாண்டி
உடுமலைக்குள் நுழைந்ததும்
அது நேராக எங்கள் மைதானத்துக்குத்தான் வரும்.
மேற்கே எறிந்தால் பந்தைத் திருப்பித் தரும்,
கிழக்கே எறிந்தால் கூடையைத் தாண்டிக் கொண்டுபோகும்.
அதனால் ஒன்பதாம் விதி:
காற்றைக் காரணம் சொல்லக் கூடாது.

மொத்தம் பதினான்கு.
பஸ் நிலையத்துக்கு எதிரே அச்சடித்த ஃபிளெக்ஸ்.
நாலாவதைத் தட்டியவன் தூக்கக் கலக்கத்தில்
'எதிரணியை மிதி' என்று தட்டிவிட்டான்.
இரண்டு நாள் அப்படியே தொங்கியது.
தாராபுரத்துப் பிள்ளைகள் அதன் கீழே நின்று
படம் எடுத்துக்கொண்டார்கள்.
மேல்விலங்கை யாரோ வெள்ளை டேப் ஒட்டி மறைத்தார்கள்.
விலங்கு போனதும் மதி ஆயிற்று.
காற்றில் டேப்பின் ஒரு முனை தூக்கும், படியும்.
மதி. மிதி. மதி.

நான் மேசைக்காரி.
திங்கள் முதல் சனி வரை கோழிப் பண்ணையில் கணக்கு:
நல்லது, உடைசல், தோல்முட்டை.
ஞாயிறு இங்கே: புள்ளி, தவறு, நேரம்.

ஐந்தாம் விதியை இதுவரை யாரும் மீறியதில்லை.
'மரியாதையாகப் பேசவும்.'
எங்கள் பக்கம் சட்டையைப் பிடிக்கிறவனும்
'என்னங்க நெனச்சுட்டிருக்கறீங்க' என்றுதான் பிடிப்பான்.

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள், அரையிறுதி.
உடுமலை முப்பத்தொன்று, தாராபுரம் முப்பது.
மிச்சம் நாற்பது நொடி.
பந்து கோட்டைத் தாண்டி
வேப்பமரத்தடியில் உருண்டு நின்றது.
நாச்சிமுத்து சார் ஊதினார்,
உடுமலைப் பக்கம் கை காட்டினார்.

பதினோராம் எண் மௌலிகா கை தூக்கினாள்.
அடிபட்டிருக்குமென்று நினைத்தேன்.
"சார், எங்கையில பட்டுத்தானுங்க போச்சு."

கயிற்றுக்கு வெளியே
தக்காளிக் கிரேடு ஏற்றிய வண்டியில் சாய்ந்திருந்த
அவளுடைய அப்பா சென்னியப்பன் கத்தினார்:
"சார், அவ சின்னப்புள்ளைங்க,
அவளுக்கென்னங்க தெரியும்!"
பன்னிரண்டாம் விதி: பெற்றோர் குரல் கொடுக்கக் கூடாது.

முதல் விதி: உண்மையாக ஆடு.
இரண்டாம் விதி: நடுவர் முடிவே இறுதி.
மூன்றாம் விதி: கேள்வி இருந்தால் கேப்டன் மட்டும் கேட்கலாம்.
மூன்றும் அடுத்தடுத்து அச்சடிக்கப்பட்டவை.
ஒன்றையொன்று நேரில் பார்த்துக்கொண்டது
அன்றைக்குத்தான்.

சார் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை.
அந்தப் பெண்ணைப் பார்த்தார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"பந்து உடுமலைக்குத்தானுங்க.
பதினொண்ணுக்கு ஒரு எச்சரிக்கை எழுதிக்குங்க" என்றார்.
"சரிங்க" என்று அவள் தன் இடத்துக்கு ஓடினாள்.

மீதி நாற்பது நொடியும்
ஒரு பிசுக்குக்கூட விட்டுத்தராமல் ஆடினாள்.
தவறு விழுந்து, இரண்டு தனி எறிதல், இரண்டும் விழுந்தன.
இரண்டாவதைக் காற்றுதான் உள்ளே திருப்பியது.
காற்றுக்கு நன்றி சொல்லக் கூடாதென்று
ஒன்பதில் இல்லை.

பதினான்காம் விதி, கைகொடுக்கும் வரிசை.
எப்போதும் ஈரச் சோப்பு மாதிரி
உள்ளங்கைகள் வழுக்கிப் போகும்.
அன்றைக்கு நடுவில் அடைப்பு.
தாராபுரத்து ஏழாம் எண்
பதினொன்றின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
"எந்த வெரலு?"
"சுண்டு வெரலு."
"பொய்யி!"
"நெசமாப்பா."
பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.
நகத்தில் பாதி உரிந்த மருதாணியைத் தவிர
ஒன்றுமில்லை.

தாளில் ஒரு கட்டம்: எச்சரிக்கை, காரணம்.
'நடுவருடன் வாக்குவாதம்' என்பதுதான் வழக்கம்,
கை தானாக எழுதிவிடும்.
நான் எழுதியது:
'11. பந்து தன் கையில் பட்டதாகச் சொன்னார்.'

திங்கட்கிழமை
முட்டை லாரிக்கு ரசீது போடும் நேரத்தில் ஃபோன்.
சங்கத்துச் செயலாளர்.
"இது என்னங்க, எழுத்துப் பிழைங்களா?"

"இல்லைங்க."