பதினோராம் கம்பம்

ஜூலையில் சைமா ஏரிக்கு இரவு வருவதில்லை.
பதினொரு மணிக்கும் தண்ணீர்
ஆறிப்போன டிகாஷன் நிறத்தில் விழித்துக் கிடக்கும்.

தொர்ஸ்தி அன்று மூன்று முறை வந்தான்.
முதல் முறை, "கரண்ட் போச்சு, ரைலி."
பதினோராம் கம்பத்தின் மூடியைத் திறந்து
விழுந்திருந்த விசையை நிமிர்த்திவிட்டு வந்தேன்.
இரண்டாம் முறை, படகின் ஃபிரிட்ஜில்
இளகிக்கொண்டிருக்கும் மீனைப் பற்றிச் சொன்னான்.
மூன்றாம் முறை எதுவும் சொல்லவில்லை.
அலுவலக வாசலில் நின்று
என் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

கசிவைக் கண்டால் தானே விழுகிற விசை அது.
நூலளவு கசிந்தாலும் விழும்.
தொல்லை பிடித்தது என்போம்.
அதைத் தாண்டிப் போக
ஒரு துண்டுக் கம்பியைப் போட்டவள் நான்தான்.
நாலு நிமிட வேலை.
அவன் பிளக்கில் ஒரு முனை கருகியிருந்ததையும்
எர்த் முனையில் பச்சை பூத்திருந்ததையும்
பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.
"நாளை சரிசெய்யப்படும்" என்று
சீட்டெழுதி ஒட்டவும் செய்தேன்.

நாளை வந்தது. சரிசெய்பவர் வரவில்லை.
மாலையில் சவுனாவிலிருந்து
உடம்பில் ஆவி பறக்கப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.
அவர்களுக்கு முன்னால் நாப்பி, தொர்ஸ்தியின் நாய்.
நாப்பி என்றால் பொத்தான்.
மூக்கு அப்படி.

எறிந்த குச்சிக்குக் குதித்தது.
நீந்தியது.
படகின் பின்பக்கம் போனதும்
நீச்சல் மறந்துவிட்டதுபோல் நின்றது.
குரைக்கவில்லை. தண்ணீர் தெறிக்கவில்லை.
நாலு காலும் விறைத்து
மரத்தில் செய்த நாயாகச் சாய்ந்தது.

"நாப்பி!"
வியேனோவின் கால்விரல்கள்
மிதவைப் பலகையின் விளிம்பில் மடங்கின.
அந்தக் கூட்டத்தில் அவளுக்குத்தான் நீச்சல் நன்றாக வரும்.

கத்தினேன்.
குதிக்காதே என்றுதான் கத்தியதாக நினைத்திருந்தேன்.
"பதினொன்று! பதினொன்று!" என்றே கத்தினேனாம்.
புரியாமல் திரும்பிப் பார்த்து நின்றாள்.
அந்தப் புரியாமைக்குள்
ஓடிப்போய் மெயினை இழுத்தேன்.
துறை முழுக்க ரேடியோ, ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம்
ஒரே மூச்சில் வாயை மூடின.

தொர்ஸ்தி துறட்டியால் இழுத்தான்.
ஈரத்தில் அது இவ்வளவு சின்ன நாயா என்றிருந்தது.

மறுநாள் ஒர்வொக்கி வந்தாள், மீட்டரோடு.
படகின் வெந்நீர்த் தொட்டிக்குள்
சுருள் ஒன்று வெடித்திருந்தது.
எர்த் வழி அடைபட்ட மின்சாரம்
சுழலி வழியாக ஏரியில் இறங்கியிருக்கிறது.
கடலாக இருந்தால் உப்புத் தண்ணீரே வழிவிடும்,
உடம்பை அவ்வளவாகச் சட்டை செய்யாது என்றாள்.
இந்தத் தண்ணீரில் உப்பில்லை.
உப்பு, நீந்துகிறவர்களின் ரத்தத்தில் இருக்கிறது.

"கம்பியைப் போட்டது யார்?"
"நான் கேட்டேன்," என்றான் தொர்ஸ்தி.
"நான் போட்டேன்," என்றேன்.
இரண்டையும் எழுதிக்கொண்டாள்,
ஒரே வரியில்.

இப்போது விசை விழுந்தால் நான் எழுப்புவதில்லை.
பிளக்கைப் பிடுங்கிக் கையில் கொடுக்கிறேன்.
மீன் இளகட்டும்.

ஆகஸ்டில் வியேனோ வந்து கேட்டாள்:
"ஏன் பதினொன்று என்று கூப்பிட்டீர்கள்?
எனக்குப் பத்துதானே?"

செப்டம்பரில் ஆகிவிடும் என்றேன்.