மங்காஃப், மூன்றரை மணி

வெள்ளிச் சந்தையில் முக்கால் தினாருக்கு
நத்தர்ஷா வாங்கி வந்த அலாரம் கடிகாரம்
விளக்கணைத்தால் ஒளிரவில்லை.
"செத்த ரேடியம், ஒண்ணும் பண்ணாது" என்று
தலைமாட்டில் வைத்துப் படுத்தான்.
மூன்றரைக்கு எழுந்து
குப்பூஸ் வண்டி எடுக்க வேண்டும் அவனுக்கு.

எனக்கு எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கைக்
கதிர் பாய்ச்சிப் படமெடுக்கும் வேலை.
கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்று
சொல்லவிடாத வேலை.

விரிசல் தேடும் ஊதா விளக்கை எண்கள்மேல் பிடித்தேன்.
பன்னிரண்டும் எழுந்தன, சோகை பிடித்த பச்சையில்.
விளக்கை எடுத்தேன்.
அந்த நொடியே படுத்துக்கொண்டன.
புதுப் பூச்சென்றால் வாங்கிய வெளிச்சத்தைக்
கொஞ்ச நேரமாவது வைத்திருக்கும்.

ஆறுக்குக் கீழே 'டி' எழுத்து இல்லை.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு பழுப்புக் கறை,
முள்ளின் வடிவில்.
எவர் வீட்டிலோ சாவி கொடுக்க ஆளற்று
நாலு இருபத்திரண்டில் நின்றுபோய்
நின்ற இடத்தைச் சுட்டு வைத்திருக்கிறது.

மறுநாள் சாப்பாட்டு டப்பாவில் போட்டு
கம்பெனி பஸ்ஸில் யார்டுக்குக் கொண்டுபோனேன்.
மீட்டரை அருகே கொண்டுபோனதும்
எண்ணெயில் விழுந்த கடுகு.
ஒரு கை தள்ளினேன்: சொட்டு, சொட்டு.

சாயங்காலம் அறைக்குத் திரும்பினால்
நத்தர் கையில் பேனாக்கத்தி.
கண்ணாடியைக் கழற்றிப் பழையதைச் சுரண்டி
புதுசாய் அடிக்கப் போகிறானாம்.
கத்தியைப் பிடுங்கினேன்.
"உள்ளே இருக்கிறவரைக்கும் கடிகாரம்.
சுரண்டினா தூசி. தூசிக்கு நெஞ்சுக்குள்ள போக
விசா வேண்டாம்."
"எத்தனை வருசத்துக்கு?"
"பாதி தீரவே ஆயிரத்து அறுநூறு."
சிரித்தான்.
அவன் அக்காமாவில் மிச்சம் பதினேழு மாசம்.

என் சட்டையில் மாதாமாதம் அளந்துசொல்லும் பேட்ஜ் உண்டு.
அவன் தூங்கிய ஒன்பது இரவுகளை
எந்த ஃபிலிமும் பதியவில்லை.

கேட்டேன்: "கடையில இன்னும் இருந்துதா?"
"பத்து பதினொண்ணு. ஒரு பையன்
எச்சில் தொட்டுத் தொட்டுத் துடைச்சிட்டிருந்தான்."
"கண்ணாடி இல்லாததும்?"
கொஞ்சம் யோசித்தான்.
"ரெண்டு."

ஜிப் பையில் கட்டி, பிஸ்கட் டின்னில் அடைத்து
பால்கனியில் ஏசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தோம்.
சாவி கொடுத்திருந்தது நினைவில்லை.
மூன்றரைக்குத் தகரம் முழுக்க அடித்தது.
நத்தர் எழுந்து போனான்.
நான் படுத்தபடி எண்ணினேன்:
வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.