ஒன்றரைச் சாண்

கோத்தகிரியில் மூடிக்கிடக்கும் தேயிலை ஃபேக்டரி,
கொழுந்து வாட்டும் மாடி, மூன்று நாள் வாடகை.
பலகைத் தரை. தகரக் கூரை.
மழை வந்தால் வேலை நிற்கும் என்று
ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தேன்.
மழை வரவில்லை, மூடுபனி வந்தது.
அதற்குச் சத்தமில்லை. மைக் அதைக் கண்டுகொள்ளாது.

ஜோகி டிரம்ஸைத் துண்டு துண்டாக மாடியேற்றினான்.
கிக்குக்குள் தன் கம்பளியைச் சுருட்டித் திணித்தான்.
குளிருமே என்றேன்.
வாசிக்கிறவனுக்கு ஏது குளிர் என்றான்.

எட்டு மைக்.
ஸ்நேருக்கு மட்டும் இரண்டு:
மேலே ஒன்று தோலைப் பார்த்து,
கீழே ஒன்று கம்பியைப் பார்த்து.
மேலேயுள்ளதைத் தனியாகத் திறந்தேன்,
கன்னத்தில் விட்ட அறை.
கீழேயுள்ளதைத் தனியாகத் திறந்தேன்,
சரளைக்கல்லில் சைக்கிள்.
இரண்டையும் சேர்த்துத் திறந்தேன்,
நமத்துப்போன அப்பளம்.

தெரிந்த கதைதான், பதினோரு வருஷமாகத் தெரியும்.
தெரிந்தும் ஒவ்வொரு முறையும்
வயிற்றில் ஒரு படி தவறுகிறது.

குச்சி விழுந்ததும் இரண்டு தோலும் கீழே அமுங்கும்.
மேல் மைக்குக்கு அது போவது,
கீழ் மைக்குக்கு அது வருவது.
போகிறது என்கிறது ஒன்று, வருகிறது என்கிறது மற்றது.
பொய் சொல்லவில்லை யாரும்.
கூட்டினால்தான் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மிக்ஸரில் அதற்கொரு பொத்தான் உண்டு:
குறுக்கே கோடு போட்ட பூஜ்யம்.
அழுத்தினேன்.
தொலைந்த வயிறு திரும்பி வந்து
ஸ்நேருக்குள் உட்கார்ந்துகொண்டது.

தலைக்கு மேல் தொங்கும் இரண்டுக்கும்
பொத்தான் பலிக்காது. அது நூல் வேலை.
தேயிலைச் சாக்கிலிருந்து ஒரு சணலை உருவி
ஒரு முனையை ஸ்நேர் நடுவில் பிடித்துக்கொண்டாள் தவமலர்.
மறுமுனையோடு ஏணியில் நான்.
"இடதுபக்கம் நாலு விரற்கடை கூட இருக்குக்கா."
குளிரில் ஒலிக்குச் சோம்பல்.
இந்த ஊரில் ஒரு மில்லிசெகண்டுக்கு
ஒன்றரைச் சாண்தான் நடக்கும்.
நாலு விரலுக்குரிய தாமதத்தைக்
காது தாமதம் என்று சொல்லத் தெரியாமல்,
ஸ்நேர் ஏன் வலதுபக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது
என்று மட்டும் கேட்கும்.
இறக்கினேன். திருகினேன். மறுபடி சணல்.
"இப்ப சரி."
"இப்ப இல்ல, அசையுது. இரு."
"சரி."

எட்டாவதை ஜன்னலோரம் வைத்தவள் தவமலர்.
நான் சொல்லவில்லை.
கேபிள் அவ்வளவுதான் எட்டியது என்றாள்.
கேபிள் அதைவிட நீளம், எனக்குத் தெரியும்.
இருபத்தேழு சாண். பதினெட்டு மில்லிசெகண்ட்.
அங்கிருந்து கேட்டால்
அடி எல்லாம் அடித்து முடித்த அடி.

மூன்றாவது டேக்கில்
ஜோகி நிறுத்திய ஒரு இடைவெளியில்
ஜன்னலுக்கு வெளியே காட்டெருமை ஒன்று
மூக்கைச் சீறியது.
அவன் நிமிரவில்லை. அடுத்த அடி அதன்மேல் விழுந்தது.
ஏழு மைக்குக்கு அது தெரியாது.

ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுச் சொன்னான்:
எட்டாவதை இழுத்து முன்னால் ஒட்டிவிடு,
பிந்துகிறது.
மவுஸால் ஒரு நொடி வேலை.
எடுத்துக்காட்டாக ஒட்டியும் காட்டினேன்.
எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தது.
மாடி காணாமல் போயிற்று. தரை, தகரம்,
ஜன்னல்வரை போய்வந்த இருட்டு,
எதுவும் இல்லை. எருமை மட்டும்
டிரம்ஸுக்குள் நின்றது.

அவனே சொன்னான், பழையபடி வை.

பூட்டிவிட்டு இறங்கியபோது மணி ஒன்று.
பைக்கில் கிளம்பிப் பாதி வழியில்தான்
கம்பளி கிக்குக்குள் கிடப்பது நினைவு வந்தது.
திரும்ப வேண்டாம் என்றான்.
டானிங்டன் முக்கு வரை
என் முதுகுக்குப் பின்னால்
அவன் பற்கள் தந்தியடித்தன,
பதினாறாக,
ஒன்றுகூடப் பிந்தாமல்.