ஜி-க்குக் கொஞ்சம் மேலே

வூப்பர்டாலில் ரயில் அந்தரத்தில் தொங்கியபடி போகும்,
ஆற்றுக்கு மேலே, என் சமையலறை ஜன்னலுக்கு நேராய்.
வந்த புதிதில் வாய்பிளந்து பார்த்தேன்.
இப்போது ஆறேகால் ரயில் போனால்
பாலை அடுப்பில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

கிதார் பழைய சாமான் சந்தையில் நாற்பது யூரோ.
ஐந்தாம் தந்தியின் முறுக்காணி
ஏ-வில் நிற்காது.
ஏற்றி வைத்தால் பாட்டின் பாதியில்
அலுத்துக்கொண்டு இறங்கிவிடும்.
ஒரு ஞாயிறு, போ, இறங்குமட்டும் இறங்கு என்று விட்டேன்.
இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றது.
அறை முழுக்க ஒலித்தது.
தந்தியை விரலால் அடக்கினேன்,
ஒலி அடங்கவில்லை.
ஃபிரிட்ஜ்.

சுருதி மாதா என்பார்கள்.
எனக்கு வாய்த்தவள்
வீட்டுக்காரர் கொடுத்த, கதவு சரியாய் மூடாத ஒருத்தி.
வயிற்றில் அரை எலுமிச்சை, ஒரு டப்பா தயிர்.
ஜி-க்குக் கொஞ்சம் மேலே, ஜி ஷார்ப்புக்கு எட்டாமல்
இரவும் பகலும் ஒரே ஸ.

மற்ற ஐந்தையும் அவளுக்குப் பணியவைத்தேன்:
மூன்று டி, இன்னொரு ஜி, ஒரு பி,
எல்லாமே மயிரிழை கூடுதலாய்.
ஃபோனில் சுருதி காட்டும் முள்
ஒன்றுக்கும் பச்சையாகவில்லை.
மூன்று வருடம் விரல் தேயப் படித்த கார்டுகள்
ஒரே மாலையில் செல்லாக்காசு.
ஒரு விரலைக் குறுக்கே கிடத்தினால் போதும்.
கம்ப்ரஸர் ஓயும்போது நானும் ஓய்வேன், தேநீர் குடிப்பேன்.
தொடை தட்டியதுபோல் அது குலுங்கித் தொடங்கும்,
நானும்.

யானிக் மவுத் ஆர்கனோடு வந்தான்.
அவன் ஜி-யும் என் ஜி-யும் உரசியதில்
காற்று வ்வோ வ்வோ என்று நெளிந்தது.
"உன்னுடையது தப்பு."
ஃபிரிட்ஜைக் காட்டினேன்.
அதன் கதவில் காதை வைத்து நெடுநேரம் கேட்டான்.
"இதுவும் தப்பு."

மார்ச்சில் இரண்டு பேர் வந்து
அதை மூன்று மாடி இறக்கிக்கொண்டு போனார்கள்.
புதியதற்குச் சத்தமே இல்லை.
காய்கறிக்கு நல்லதுதான்.
அன்றிரவு ஐந்தாம் தந்தியை மட்டும் மீட்டினேன்.
மீட்டிவிட்டு, பழக்கதோஷம், காத்திருந்தேன்.
திரும்பவும் மீட்டினேன்.
மணி பதினொன்றரை இருக்கும்.

காலையில் தபால்பெட்டியருகே கீழ்வீட்டு லிஷ்கா அம்மையார்:
"அதைக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்களே,
நேற்று மறுபடி உறுமியதே."
வீட்டுக்காரருக்கு எழுதப்போகிறாராம்.
பிறகு கடிதங்களை மார்போடு அணைத்து, சற்று யோசித்து,
பத்து மணிக்கு மேல் அதை
நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றேன்.