பள்ளத்தில் ஒரு நாணயம்

அடெல்மோ சட்டைப்பையைத் துழாவி
ஒரு பெசோ நாணயத்தை எடுத்து
என் டயரின் பள்ளத்தில் செருகினான்.
விளிம்புகூட உள்ளே இறங்கவில்லை.
"நாட்டில் இதற்கு மிஞ்சிய வேலை இது ஒன்றுதான்" என்றான்.
உண்மை. இந்தக் காசுக்கு ஒரு மிட்டாய்கூட வராது.
பொய் மட்டும் சொல்லாது.

ரியோ மாயோவில்
கார்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும்.
கடை வாசலில் தொங்கும் லாரி டயர் ஒன்றுதான்
இந்தக் காற்றுக்கு அசையாமல் இருக்கிறது.

நான் பதிவாளர்.
பிறந்தவர், மணந்தவர், இறந்தவர்
எல்லாரையும் எழுதிக்கொள்ள
மாதம் இருமுறை பண்ணை பண்ணையாகப் போகிறவள்.
முதலில் தார். பிறகு சரளை.
சரளை என்றால் ஆற்றில் உருண்ட கூழாங்கல் அல்ல,
உடைத்துக் கொட்டியது,
ஒவ்வொன்றும் ஒரு பல்.

முன் இடது டயர் உள்விளிம்பில் மட்டும் மொட்டை.
அடெல்மோ அதைத் தடவிப் பார்த்தான்,
"ராத்திரியில் ஏதோ குழியில் விழுந்திருக்கிறாய், நெலிடா."
ஜூன் மாதம். வென்சுல் வீடு.
இறப்புச் சான்று இல்லாமல் பென்ஷன் கிடையாது என்று
அந்த அம்மாளை மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
என் பேரேட்டில் அந்தக் குழி இல்லை.
ரப்பர் எழுதி வைத்திருந்தது.

மூன்று வகை இருந்தன.
சேற்று டயர்: கட்டை கட்டையாக, பள்ளம் விரல் ஆழம்.
தாரில் ஏறினால் ஊளையிடும்,
ரேடியோவை மறந்துவிடலாம்.
இன்னொன்று பரம சாது. பெட்ரோல் மிச்சம்.
பக்கச் சுவர் மட்டும் காது மடல் மாதிரி மெல்லிசு.
மூன்றாவது, சுவரில் மூன்று அடுக்கு,
மலைக்குள் பனித்துளி பொறித்தது,
தூக்கினால் இடுப்பு பிடிக்கும்,
விலையைக் கேட்டாலும்தான்.
"பன்னிரண்டு மணி வரைக்கும் இந்த விலை" என்றான்,
கடிகாரத்தைப் பார்க்காமல்.

ஒரு அளவு பெரிதாகவும் போடலாமாம்.
உள்ளே உரசும்,
மட்கார்டைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் போச்சு.
செருப்புக்காகக் காலை வெட்டச் சொல்கிறாய்,
வேண்டாம்.

தலைநகரில் இபார்ராவுக்குப் போன் போட்டேன்,
பயணப்படியில் ஏதாவது தேறுமா என்று.
"உங்கள் வழி நூற்றுக்கு எண்பது தார்தானே,
சாதா டயர் போதாதா?"
கணக்கு சரிதான், இபார்ரா.
அந்த எண்பதில் யாரும் பிறக்கவில்லை.
யாரும் சாகவுமில்லை,
ஒரு நரி, இரண்டு முயல் தவிர.

பதினொன்று நாற்பது.
குந்தி உட்கார்ந்து
மூன்றாவது வகையின் சுவரில் அந்த நான்கு எண்ணைத் தேடினேன்.
பிறந்த தேதி கேட்காமல்
எதிலும் கையெழுத்திட்டுப் பழக்கமில்லை.
மூன்று டயர்கள் போன வருஷத்தின் நாற்பத்தோராம் வாரம்.
நான்காவது, அதற்கும் மூன்று வருஷம் முன்னால்.
மீசை மயிர் உதிராத புத்தம் புதுக் கிழவன்.

"இவன் யார், அண்ணனா?"
அடெல்மோ மாத்தேக் குவளையை உறிஞ்சினான்.
தண்ணீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சினான்.
பிறகு உள்ளே போய்
இன்னொரு நாற்பத்தொன்றை உருட்டி வந்தான்.
அதுவரை எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.
அண்ணனைப் பாதி விலைக்குப்
பின்புறம் ஸ்டெப்னியாகக் கட்டச் சொன்னேன்.
ஐந்துக்கும் ஆறு தவணை.
மீதிச் சில்லறைக்கு
அந்த நாணயத்தையே கையில் வைத்தான்.

தார் முடியும் இடத்தில் நிறுத்தி இறங்கினேன்.
கதவு கையைப் பிய்த்தது.
வால்வை அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் நாற்பது எண்ணி,
கொஞ்சம் மூச்சை இறக்கினேன்.
நான்கு சக்கரத்து மூச்சும்
கிழக்கே போனது.
இங்கே அதற்கொன்றும் பஞ்சமில்லை.