மினாலேஷ்

எங்கள் சந்தின் பெயரே ஒரு கேள்வி.
மினாலேஷ். உன்னிடம் என்ன இருக்கிறது?
அம்ஹாரிக்கில் இது பெண்ணைப் பார்த்துக் கேட்பது.
ஆணிடம் கேட்டால் கடைசி ஒலி மாறும்.
ஓட்டை வாளி, உடைந்த பூட்டு, காலி எண்ணெய் டின்
எதுவானாலும் கதவைத் திறந்து
கொண்டுவந்து நீட்டுகிறவள் அவள்தான் என்பதால்
அடிஸ் அபாபாவின் பழைய இரும்புச் சந்துக்கு
அந்தப் பெயர் நின்றுவிட்டது.

எனக்கு இருபத்திரண்டு வயது.
அரசர் போய் இரண்டாவது மழைக்காலம்.
சுவர்களில் சிவப்பு எழுத்து காயவில்லை.
ஜெனெபெச் வந்தாள்,
நெத்தெலாவின் முந்தியில் ஒரு முடிச்சு.
அவிழ்த்துக் கொட்டினாள்: நான்கு வட்டத் தகடுகள்,
ரிப்பனைக் கத்தரித்த இடத்தில் நூல் பிசிறு.
எங்கே கிடைத்தது என்றேன்.
வெண்கலம், என்றாள்.
கேட்டது அதுவல்ல என்றேன்.
வெண்கலம், என்றாள் மறுபடியும்.

அவள் கணவன் தெஸ்ஸெமா
கொரியாவுக்குப் போனவன்.
ஜிபூத்தி வரை ரயில், அப்புறம் கப்பல்.
கடலைக் கண்டிராத மேட்டுநிலத்துப் பையன்கள்
மூன்று வாரம் குடல் வெளிவர வாந்தியெடுத்து
உலகத்தின் மறுகோடியில் இறங்கினார்கள்.
அங்கே தண்ணீர் வெள்ளைக் கல்லாய்க் கிடந்ததாம்.
துப்பாக்கிக் குழலைத் தொட்ட விரல்
தோலை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாம்.
செத்தவர்களையும் தூக்கிக்கொண்டுதான் மலையிறங்கினார்கள்.
ஒருவனையும் அந்நிய மண்ணில் விட்டுவரவில்லை.
இதையெல்லாம் குடித்தால் சொல்வான்.
அப்போது குடியையும் விட்டிருந்தான்.

அன்று யாரைச் சுட்டானோ
அவர்கள் இன்று எங்கள் தோழர்கள் என்றது வானொலி.
ஒரே வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும்
அரசாங்கத்துக்கு மட்டும் கைவந்த வித்தை.

அந்த மாதம் பதினோரு பெண்கள் வந்தார்கள்.
பதினோரு முடிச்சுகள்.
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.
என் மைத்துனன் காங்கோவுக்குப் போனவன்.
திரும்பிவந்து மாம்பழத்தைத் தவிர
வேறெதையும் பற்றிப் பேசாதவன்.
அவனுடையதையும் என் தங்கை கொண்டுவந்தாள்.
அண்ணனென்று பாராமல் பேரம் பேசினாள்.

இரவில் உருக்கினோம்.
பச்சையாய் ஒரு நாக்கு எழுந்தது.
முதலில் கிரீடம் இளகிற்று,
அப்புறம் எழுத்துகள்,
அப்புறம் எது யாருடையது என்பதே இல்லாமல் போயிற்று.
கரண்டிகள் வார்த்தோம். நன்றாக விற்றது.
இரண்டு வாரம் கழித்து ஜெனெபெச் வந்து
ஒரு கரண்டியைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.
சொன்ன விலையைக் கொடுத்தாள்.
இந்தச் சந்தில் பேரம் பேசாமல் வாங்கியவள்
எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

அந்த ஆட்சியும் போயிற்று.
பையன்கள் போவது மட்டும் நிற்கவில்லை.
இப்போது தலையில் நீலத் தொப்பி,
கப்பலுக்குப் பதில் விமானம்.

போன வருஷம் சியோலிலிருந்து ஆட்கள் வந்தார்கள்,
கிழவர்களை வரிசையாய் உட்காரவைத்து
புதிய பதக்கம் குத்தினார்கள்.
தெஸ்ஸெமாவுக்குக் காது கேட்காது,
யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றானாம்.
வந்தவர்களுக்கு வீட்டில் விருந்து.
கோழிக் குழம்பை ஜெனெபெச்
எந்தக் கரண்டியால் பரிமாறினாள் என்று
நான் கேட்கவில்லை.

மறுநாள் வந்தாள். அதே மாதிரி முடிச்சு.
விற்கவா என்றேன்.
இல்லை, எடை தெரியவேண்டும்.
முப்பத்தொரு கிராம்.
பழைய நாலும் எவ்வளவு இருந்தது?
நூற்றைம்பது என்று அன்று சொல்லியிருந்தேன்.
என் கல்லில் நாற்பது கிராம் கள்ளம்,
இந்தச் சந்தில் எல்லாக் கல்லிலும் உண்டு.
நூற்றுத் தொண்ணூறு, என்றேன் இப்போது.

அவள் தலையாட்டினாள்.
விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.
கிலோ இரண்டு பிர் அப்போது.
எட்டு சந்தீம் நீ தரவேண்டும், என்று கையை நீட்டினாள்.

பத்து சந்தீம் நாணயம்தான் இருந்தது.
கொடுத்தேன்.
மீதி இரண்டு இன்னும் வரவில்லை.