ஒன்பதரை மணிப் பேருந்து

பள்ளிப் பேருந்தின் கதவு
ஒன்பதரைக்குப் பெருமூச்சு விடும்.
அதற்கு முன்பே ஆடுகள்
வேலியில் முன்னங்கால் போட்டு நிற்கும்.

அந்த ஏப்ரலில் பேருந்து வரவில்லை.
ஆடுகள் வந்தன.

லிம் சூ காங் பண்ணையில்
நுழைவுச்சீட்டு விற்பவள் நான்.
வைக்கோல் கட்டு ஐந்து வெள்ளி.
'கடிக்குமா?' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு
நாளைக்கு நாற்பது தடவை 'கடிக்காது' சொன்ன வாய்
முகக்கவசத்துக்குள் சும்மா இருந்தது.

'கைகளைக் கழுவுங்கள்' என்ற பலகை
நான்கு மொழிகளில், பத்து வருடமாக
எங்கள் குழாயடியில் தொங்குகிறது.
ஒருவரும் நின்று படித்ததில்லை.
இப்போது தீவு முழுக்க அதே வாக்கியம்;
எங்கள் குழாயில் மட்டும் சிலந்தி.

வீட்டிலேயே இருங்கள் என்றது வானொலி.
மடிக்கு வானொலி கேட்காது.
விடிகாலை நான்குக்கே ஷஃபிகுல் கறக்கப் போவான்.
முதலாளியம்மா திருவாட்டி கோ
புட்டிகளை வேனில் அடுக்கி
தாமே அடுக்குமாடி அடுக்குமாடியாய்க் கொண்டுபோவார்.

ஐந்தாம் நாள், எந்தப் பிள்ளையோ விட்டுப்போன
மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு
வேலியோரம் குந்தினான் ஷஃபிகுல்,
கையில் ஒரு பிடி வைக்கோல்.
"பாவம் அக்கா, காத்துக்கிட்டு இருக்குதுங்க."
மைலோ ஏமாறவில்லை.
வைக்கோலைத் தின்றது,
பிறகு தொப்பியையும்.

ஆண்டுக் கடைசியில்
சாங்கியில் விமானங்கள் படுத்துக் கிடக்க
தீவே எங்களிடம் வந்தது.
நியோ தியூ சாலை வரை கார்கள்.
ஐந்து ஐந்து பேராக,
இடைவெளிக்கு ஒட்டிய நாடாவை
ஆடுகள் பிய்த்துத் தின்ன,
"அப்படியே ஹொக்கைடோ மாதிரி இருக்கு!" என்று
வேர்த்து வழிந்தபடி படமெடுத்தார் ஒருவர்.
ஆளுக்கு மூன்று கட்டு வைக்கோல்.
கைப்பையில் ரகசியமாய் ரொட்டி.

ஆள் வராத எட்டு மாதம்
ஒரு சுற்றும் மெலியாத மைலோ
ஆள் வந்த மூன்றாம் ஞாயிறு
வயிறு உப்பிச் செத்தது.

அந்த மாத வசூல்
பண்ணை தொடங்கிய நாளிலிருந்து இல்லாத வசூல்.
திருவாட்டி கோ இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.
பேனாவை மூடவில்லை.

எல்லைகள் திறந்தன.
ஹொக்கைடோக்காரர் ஹொக்கைடோ போயிருப்பார்.
பேருந்து வருகிறது, பாதி இருக்கை காலியாக.
வைக்கோல் கட்டை இப்போது
பாதியாகத்தான் கட்டுகிறோம்;
விலை அதே ஐந்து வெள்ளி.

"என்னம்மா, இவ்வளவு சின்னதா?"
என்கிறார் ஒரு தகப்பன்.

மைலோவைப் பற்றி நான் சொல்வதில்லை.

"விலைவாசி சார்," என்கிறேன்.